படகு இயந்திரத்துக்கு எந்த மீற்றர்?

கடலில் இறங்காத பெண்களின் தலையிலும் கடற்றொழிலின் பொறுப்பு வந்து விழுந்த கரைகள் எங்களுடையவை. 2004 இல் சுனாமியும், 2009 வரை போரும் கொண்டுபோனவர்களின் இடத்தில் நின்று, இன்று மனைவிமாரும் தாய்மாரும் படகுக் கணக்குப் பார்க்கிறார்கள். முல்லைத்தீவில் நானும் அப்படி ஒருத்திதான். என்னிடம் இருப்பது 18 அடி பைபர் படகும் 25 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரமும். மகனும் என் தம்பியும் தொழிலுக்குப் போவார்கள். மண்ணெண்ணெய் வாங்குவது, தவணை கட்டுவது, இயந்திரத்தைப் பராமரிப்பது எல்லாம் என் பொறுப்பு.

2017 இல் எங்கள் வாடிக்குப் பக்கத்து வாடியில், கணவரை இழந்த ஒரு அக்காவின் இயந்திரம் நடுக்கடலில் இறுகிப் போனது. உள்ளே சூடு ஏறி, பிஸ்ரன் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. இரண்டு பொடியளும் இரவு முழுக்க அலைந்து, விடியப்புறம் வேறு படகில் கட்டியிழுத்து வந்தார்கள். உயிர் தப்பியது பெரிய காரியம். ஆனால் இயந்திரம் இல்லாமல் போனாலும் அதன் கடன் தவணை நிற்கவில்லை. அதன் பிறகுதான் மீற்றர் பூட்டுவது பற்றி நான் விசாரிக்கத் தொடங்கினேன்.

சகோதரிகளே, இந்த இயந்திரம் கடல் நீராலேயே குளிர்கிறது. காற்றாடிக்கு மேலே உள்ள சிறு துவாரங்களால் நீர் உள்ளே போகும். அங்கே இம்பெல்லர் என்ற றப்பர்ச் சக்கரம் அதை மேலே தள்ளும். சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு நீர் வெளியேறும். அதில் ஒரு சிறு பங்கு பின்பக்கத்து ஓட்டையால், சின்னப்பிள்ளை ஒன்றுக்குப் போவது போல, பீச்சிக்கொண்டு வரும். எல்லோரும் அதைப் பார்த்துத்தான் நீரோட்டம் சரி என்று சொல்வார்கள். அது நல்ல அடையாளம்தான், ஆனால் இருட்டில் தெரியாது. மணல் அடைத்து அந்த ஓட்டை மட்டும் நின்றுவிடுவதும் உண்டு. மறுபக்கமாக, உள்ளே வேறிடத்தில் உப்புப் படிந்து அடைத்திருந்தாலும் ஓட்டையால் நீர் வந்துகொண்டே இருக்கலாம்.

மீற்றரில் இரண்டு வகை உண்டு. ஒன்று நீரின் அமுக்கத்தைக் காட்டும், மற்றது இயந்திரத்தின் சூட்டைக் காட்டும். இரண்டும் இருந்தால் நல்லது. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அமுக்க மீற்றரை வாங்குங்கள் என்றே நான் சொல்வேன். எங்கள் கரையில் வருகிற கரைச்சல் பெரும்பாலும் உறிஞ்சும் வாயில்தான். பொலித்தீன் பை, சாதாழை, சொறி ஏதாவது ஒன்று ஒட்டினால் அமுக்க முள் உடனே விழும். சூட்டு முள் ஏறுவது அதற்குப் பிறகு, உலோகம் சூடாகிய பிறகுதான். அந்த இடைவெளியில்தான் இயந்திரத்தைக் காப்பாற்ற வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. கயிறு இழுத்துக் கிளப்பும் எங்கள் இயந்திரங்களுக்குப் பற்றரி இல்லை. மின்னில் வேலை செய்யும் மீற்றர் எங்களுக்குச் சரிவராது. அமுக்க மீற்றரில், மெல்லிய குழாயால் நீரையே முள் வரை கொண்டுவரும் சாதாரண வகை இருக்கிறது. அதற்குப் பற்றரி தேவையில்லை.

வாங்கும்போது முகத்தில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். நான் போன கடையில் வாகன எண்ணெய் அமுக்கத்துக்குரிய, 100 வரை இலக்கமிட்ட ஒன்றைத் தந்து, "எல்லாம் ஒண்டுதான் அக்கா" என்றார்கள். ஒன்றல்ல. எங்கள் இயந்திரத்தில் மெதுவாக ஓடும்போது முள் அசைந்ததும் அசையாததுமாக நிற்கும், முழு வேகத்தில் 12 பி.எஸ்.ஐ. அளவில் நிற்கும். 100 வரை உள்ள மீற்றரில் இது ஒரு மூலைக்குள் முடிந்துவிடும். 15 அல்லது 30 வரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். உறை துருப்பிடிக்காததாக, நீர் புகாததாக இருக்க வேண்டும். குழாயைப் பொருத்தும் மூட்டு பிளாஸ்ரிக்கில் கிடைத்தால் நல்லது. பித்தளையை நேரே அலுமினியத்தில் முறுக்கினால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப் போகும். துளையிடும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். பல இயந்திரங்களில் இதற்கென்றே திருகாணி போட்டு மூடிய துவாரம் இருக்கும், புதிதாகத் துளைக்கத் தேவையில்லை.

பூட்டிய முதல் நாளே, இயந்திரம் நன்றாக ஓடும்போது, மெது வேகத்திலும் முழு வேகத்திலும் முள் நிற்கும் இடங்களைக் கண்ணாடியில் நகப்பூச்சால் புள்ளியிட்டு வையுங்கள். மகளின் சிவப்புப் பூச்சுத்தான் எனக்கு உதவியது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அளவு வேறு, அடுத்த படகின் இலக்கம் உங்களுக்குப் பொருந்தாது. முள் திடீரென விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தி, தூக்கி, வாயைத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் இம்பெல்லர் தேய்கிறது. மணற்கரையில் இழுத்து ஏற்றும் எங்கள் படகுகளில் அது கெதியாகத் தேயும். வழமையை விட ஏறி நின்றால் சந்தோசப்படாதீர்கள், உள்ளே எங்கோ உப்பு அடைக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

அமுக்க மீற்றருக்குத் தெரியாத நோயும் ஒன்று உண்டு. தேர்மோஸ்ரற் மூடியபடியே இறுகினால் அமுக்கம் சரியாகவே காட்டும், சூடு மட்டும் ஏறும். இந்த இயந்திரங்களில் அது பொதுவாக 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரையில் திறக்கும். அதற்கு மேல் விட்டால் கடல் நீரின் உப்பு உள்ளே கல்லாகப் படியும் என்பதால்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே கையில் இன்னும் கொஞ்சம் காசு சேர்ந்தால் சூட்டு மீற்றரையும் வாங்கலாம். அதன் உணரி நீருக்குள் இருப்பதை விட, சிலிண்டர் தலையின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இருப்பதே நல்லது. நீர் முற்றாக நின்றுபோனால், நீருக்குள் இருக்க வேண்டிய உணரி வெறும் காற்றையும் ஆவியையும் அளந்து குறைவாகக் காட்டிவிடும். பிளக்கின் அடியில் வளையமாகப் போட்டு, சிறு பற்றரியோடு வரும் வகையும் உண்டு. அது காட்டும் சூடு நீரின் சூட்டை விடக் கூடவாக இருக்கும், பயப்படத் தேவையில்லை. அதற்கும் முதல் நாளே புள்ளி போடுங்கள்.

தொழில் முடிந்து வந்ததும் நன்னீர் ஓடவிட்டுக் கழுவும் வேலையை, மீற்றர் இருக்கிறதென்று கைவிட வேண்டாம். எங்கள் வீட்டில் அது மகனின் வேலை. கழுவாமல் வந்தால் சோறு பிந்தும்.