வட்டத்தின் பகுதிகள்

வட்டத்தின் பகுதிகள் என்பன, வட்டத்தோடு தொடர்புடைய புள்ளி, கோடு, வளைவு, பரப்பு ஆகியவற்றுக்கு வடிவியலில் வழங்கும் பெயர்களாகும். ஒரு தளத்தில் நிலையான புள்ளியொன்றிலிருந்து சம தொலைவில் உள்ள புள்ளிகள் யாவும் சேர்ந்து வட்டமாகின்றன. அந்நிலையான புள்ளி மையம் எனவும், அச்சம தொலைவு ஆரம் எனவும், வட்டத்தின் சுற்றளவு பரிதி எனவும் அழைக்கப்படுகின்றன.

பெயர்களின் பொருள்

இப்பெயர்களுட் சில வண்டிச் சக்கரத்தையும் வில்லையும் நினைவூட்டுவன. மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தையும் சுற்றியுள்ள வட்டையையும் இணைப்பது ஆரக்கால். மையத்தையும் பரிதியையும் இணைக்கும் கோடும் அவ்வாறே ஆரம் எனப்படுகிறது. பரிதியின் ஒரு பகுதி வில். அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு நாண். நாண் மையத்தின் வழியே சென்றால் அது விட்டம். ஆகவே விட்டமும் ஒரு நாணே. வட்டத்தின் மிக நீண்ட நாண் அதுவே. இதனை மாணவர் பலர் கவனிப்பதில்லை.

இரண்டு ஆரங்களும் ஒரு வில்லும் சூழ்ந்த பரப்பு வட்டக்கோணப்பகுதி. ஒரு நாணும் ஒரு வில்லும் சூழ்ந்தது வட்டத்துண்டு. அரைவட்டத்தில் மட்டும் இவ்விரண்டும் ஒன்றாகின்றன.

காரிநாயனாரின் கணக்கதிகாரம், பரிதியின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கி வட்டத்தின் பரப்பைக் காணும் முறையைக் கூறுகிறது. விட்டம் 14 அடி எனில் பரிதி ஏறத்தாழ 44 அடி. 22-ஐ 7-ஆல் பெருக்கப் பரப்பு 154 சதுர அடி.

தமிழகமும் இலங்கையும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆரம், வட்டக்கோணப்பகுதி, தொடுகோடு என்பவை இலங்கையில் முறையே ஆரை, ஆரைச்சிறை, தொடலி என வழங்குகின்றன. சிறை என்பதற்குச் சிறகு என்றும் பொருளுண்டு. ஆரைச்சிறை என்பது சுருக்கமான, அழகிய சொல். எனினும் ஒரு நாட்டில் பயின்ற மாணவர் மறுநாட்டு வினாத்தாளைக் காணும்போது, கணக்குத் தெரிந்திருந்தும் வினா விளங்காமற் போகலாம். இரு வழக்குகளையும் அறிந்திருத்தல் நன்று.

ஆரமும் தொடுகோடும்

வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுச் செல்லும் நேர்கோடு தொடுகோடு. தொடும் புள்ளியில் அது ஆரத்திற்குச் செங்குத்தாக அமையும். இவ்விரு திசைகளின் வேறுபாடு வானியலில் ஒரு கண்டுபிடிப்புக்கே அடிப்படையாயிற்று. வத்தலக்குண்டிலிருந்து மலையேறிச் சென்றடையும் கொடைக்கானலின் சூரிய ஆய்வகத்தில், 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தார். புள்ளியில் உள்ள வளிமம் சுழல்வதாயின் அதன் இயக்கம் தொடுகோட்டுத் திசையில் இருத்தல் வேண்டும். ஆனால் கருநிழலைச் சூழ்ந்த புறநிழலில் வளிமம் ஆரத்தின் வழியே வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சி காட்டியது. இது எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது.