காற்றுக்கும் மழைக்கும் நிற்கும் தோட்டக் கொட்டகை

பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2019ஆம் ஆண்டில் மத்திய அரசால் வெளியிடப்பட்டன. அதன்பின் பல பள்ளிகளில் கீரைப் பாத்தியும் முருங்கையும் பப்பாளியும் வந்துவிட்டன. மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்தி, பூவாளி இவற்றை எங்கே வைப்பது என்பதற்குத்தான் இன்னும் விடையில்லை. வகுப்பறையில் கரும்பலகைக்குப் பின்னால் கடப்பாரை சாய்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் அது குழந்தையின் காலில் விழும்.

அரக்கோணத்தில் எங்கள் பள்ளியின் பின்புறம் 8 அடிக்கு 6 அடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றிய பிறகே குழி தோண்டினோம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கிய பாதையில் இருக்கும் ஊர் இது. வெல்டிங் தெரிந்த பெற்றோர் கிடைப்பது இங்கே சிரமமில்லை!

கொட்டகை என்றதும் எல்லோரும் மழையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மழை ஒழுகினால் கருவி துருப்பிடிக்கும், அவ்வளவுதான். காற்றில் கூரை பறந்தால் ஆளையே வெட்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. அந்த வேகத்தைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் மீது செயல்படும் விசை நியூட்டனில் வரும்; சுமார் 470. அதாவது 47 கிலோ எடைக்குச் சமம். நான்கு புறமும் ஓரடி நீட்டிய எங்கள் கூரை 10 அடிக்கு 8 அடி, 7.4 சதுர மீட்டர். கூரைக்கு மேலே விரையும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைப்பதால், ஏறத்தாழ 350 கிலோ எடைக்குச் சமமான விசை கூரையை மேலே தூக்கும். அரை மில்லிமீட்டர் தகரக் கூரையின் எடையோ 40 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். கூரைமேல் நாலு செங்கல் வைக்கும் வழக்கம் எதற்கும் உதவாது. அந்தச் செங்கல்லும் சேர்ந்து பறக்கும்.

ஆகவே கொட்டகையை மண்ணோடு கட்ட வேண்டும். நான்கு மூலையிலும் ஓரடிச் சதுரத்தில் இரண்டடி ஆழக் குழி. ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாயின் அடியில் குறுக்காக ஒரு கம்பித் துண்டை வெல்டிங் செய்து, குழியில் நிறுத்தி, 1:2:4 கலவையில் கான்கிரீட் போட்டோம். கம்பித் துண்டு இல்லாவிட்டால் குழாய் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரு குழிக்கு 2 கன அடி, ஏறத்தாழ 135 கிலோ. நான்கும் சேர்ந்து 540 கிலோ. 350ஐ விடக் கூடுதல் என்பதை மாணவர்களே கூட்டிச் சொன்னார்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே புகும் காற்றும் கூரையை மேலே தள்ளும். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் கதவின் தாழ்ப்பாளைப் போடுங்கள்.

மூலைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க மூலைமட்டம் தேவைப்படவில்லை. 8, 6 என்ற அளவுக்கு மூலைவிட்டம் 10 அடி வர வேண்டும். எட்டாம் வகுப்பினர் ஆப்பு அடித்து நூல் பிடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தார்கள். பிதாகரஸ் தேற்றத்தைக் கரும்பலகையில் பத்து முறை எழுதியதைவிட அன்று நன்றாகப் பதிந்தது. அளப்பதும் கணக்கிடுவதும் மட்டுமே மாணவர் வேலை. வெல்டிங்கும் தகரம் வெட்டுவதும் பெரியவர்களுடையவை.

முன்புறம் 7 அடி உயரம், பின்புறம் 6 அடி. ஆறடிக்கு ஓரடிச் சரிவு போதும். திருகாணியைத் தகரத்தின் பள்ளத்தில் அடிக்கக் கூடாது, தண்ணீர் ஓடும் இடம் அது. மேட்டில்தான் அடிக்க வேண்டும், ரப்பர் வாஷரோடு. வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் அதுவே கிழிந்து ஒழுகும். துளையிட்டபின் சிதறிக் கிடக்கும் இரும்புத் துகளை அன்றே பெருக்கிவிடுங்கள். விட்டால் அது துருப்பிடித்துத் தகரத்தையும் அரிக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் தகடு மலிவு என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். அதன் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. துளையிடும்போது பறக்கும் தூசியைப் பள்ளி வளாகத்தில் விட முடியுமா?

சுவர்த் தகரம் தரைமேல் உட்கார்ந்தால் தண்ணீர் அடியில் நுழையும். தரையை 6 அங்குலம் உயர்த்தி, தகரத்தை அதன் விளிம்புக்கு வெளியே 2 அங்குலம் கீழே தொங்கவிட்டோம். வடகிழக்குப் பருவமழை வடகிழக்கிலிருந்து அடிக்கும், ஆடி ஆவணி மாலையில் வரும் இடிமழை மேற்கிலிருந்து. கதவைத் தெற்கில் வைத்தது அதனால்தான்.

கோடையில் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் பக்கத்துத் திருத்தணியின் பெயரை அடிக்கடி கேட்கிறோம். கூரைக்கும் சுவருக்கும் இடையே 6 அங்குலம் விட்டு எலி நுழையாதபடி வலை அடித்தோம். கூரைமேல் சுண்ணாம்பும் பூசினோம். அப்படியும் விதைகளை அங்கே வைப்பதில்லை. வெப்பம் 5 டிகிரி குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும் என்பது ஹாரிங்டன் என்ற விதையியலாளர் தந்த பொதுவிதி. வெயிலில் காயும் தகரத்துக்குள் விதையை வைத்தால் நடப்பது அதற்கு நேர்மாறு. எங்கள் விதைகள் தலைமையாசிரியர் அறை அலமாரியில், மூடி போட்ட புட்டியில் இருக்கின்றன.

கத்திரி வெயிலில் ரப்பர் வாஷர் வெடிக்கும். செப்டம்பரில் ஒருமுறை ஏணி வைத்துப் பார்த்து, வெடித்ததை மாற்றி, குழாயின் அடியில் துரு தெரிந்தால் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசிவிடுகிறோம். பின்புறம் ஒரு டிரம் வைத்திருக்கிறோம். ஒரு சென்டிமீட்டர் மழைக்குக் கூரையிலிருந்து 74 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். அந்தக் கணக்கை ஏழாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன்.