பாய் விரிக்க ஒரு மண்டபம்

மசாஜ் என்றதும் ஊவா மாகாணத்தில் பலருக்கு எல்ல, பண்டாரவளைப் பக்கத்துச் சுற்றுலா விடுதிகள்தான் நினைவுக்கு வரும். தனி அறை, மங்கலான விளக்கு, உயரமான கட்டில், சூடாக்கிய எண்ணெய், முடிந்ததும் வெந்நீர்க் குளியல். எதிரே தெரியும் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு அது வேறு யாருக்கோ உரிய சங்கதி. உடம்பைப் பிடித்துவிட ஆள் தேவைப்படுவதோ அவளுக்குத்தான். அவளுக்கு அது எட்டாமல் போவதற்குக் காரணம் பிடித்துவிடும் கைகளின் கூலி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் விலையை ஏற்றுபவை அந்தக் கைகளைச் சுற்றிச் சேர்ந்த அறையும் கட்டிலும் எண்ணெயும் குளியலும்தான். அவற்றை விலக்கிவிட்டு, தோட்டத்துப் பொது மண்டபமொன்றில் வரிசையாகப் பாய் விரித்து, உடுத்த உடையோடு படுத்தவர்களுக்குப் பயிற்சி பெற்றவர்கள் பிடித்துவிடும் நிலையங்கள் பதுளை, மொனராகலைத் தோட்டங்களுக்கு வரவேண்டும் என்பதே என் வாதம்.

கொழுந்து வேலை உடம்பை எங்கே தாக்குகிறது என்று முதலில் பார்க்கலாம். சரிவில் நிற்கும்போது ஒரு கால் மேலேயும் மற்றது கீழேயும் இருக்கும். இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும். படங்கு கட்டிய இடுப்பு செடியில் உரச, நடுவிலுள்ள கொழுந்தை எட்டுவதற்காக முதுகு முன்னே வளையும். பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டு இலையும் மொட்டுமாகப் பற்றி ஒடிக்கும் அசைவு காலையிலிருந்து மாலைவரை ஓயாது. கூடைக் கயிறு தலையில் மாட்டியிருப்பதால், நிறைய நிறைய அந்தப் பாரம் கழுத்தில்தான் இறங்குகிறது. பல தோட்டங்களில் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழ 18 கிலோ எடுக்கவேண்டும் என்பது கணக்கு. எடுத்ததைக் கொழுந்து மடுவம்வரை சுமப்பதும் அவளே. மொனராகலைப் பக்கத்தில் இறப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியற்காலையில் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்கிறார்கள். பெல்வத்தை, செவனகலைக் கரும்புக் காணிகளில் வெட்டுகிறவர்களின் முதுகும் அடிக்கரும்புவரை வளைகிறது. வீடு திரும்பினால், பழைய லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுதான். அடுப்பும் பிள்ளைகளும் சாமான்களும் போக, வலிக்கிற ஒருவர் கைகாலை நீட்டிக் கிடந்து இன்னொருவரைப் பிடித்துவிடச் சொல்ல அங்கே இடமேது? ஒரு பெனடோல், கொஞ்சம் சித்தாலேப, மறுநாள் காலையில் மறுபடி வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு.

தரையில் செய்வதென்பது ஏழைகளுக்கான மாற்று ஏற்பாடு என்று யாரும் எண்ணவேண்டாம். தாய்லாந்தின் மரபு மசாஜ் முழுவதுமே தரையில் வளர்ந்த கலை. பாங்கொக்கிலுள்ள வாட் போ விகாரையில் 1830களில் மூன்றாம் ராமா மன்னர், உடலில் அழுத்தவேண்டிய இடங்களைக் காட்டும் படங்களைக் கல்லில் பொறித்துச் சுவரில் பதிக்கச் செய்தார். யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துப் படிக்கலாம் என்பது அதன் நோக்கம். அதே விகாரையில் 1955இல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 2019இல் யுனெஸ்கோ அந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மெத்தைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். படுப்பவர் தளர்ந்த பருத்தி உடை உடுத்தியிருப்பார். எண்ணெய் பெரும்பாலும் கிடையாது. இந்த முறையின் வசதி பிடித்துவிடுகிறவருக்கும் சேர்த்தே. கட்டிலருகே நின்று விரலால் அமுக்குபவருக்குச் சில வருடங்களில் பெருவிரல் மூட்டு போய்விடக்கூடும். தரையில் முழங்காலிட்டவர், குப்புறக் கிடப்பவரின் முதுகில் தண்டுவடத்தை விட்டு இரு பக்கமும் உள்ளங்கைகளை வைத்து, அவர் மூச்சை விடும்போது தன் உடம்பை மெல்லச் சாய்க்கிறார். வேலை செய்வது அவருடைய உடல் எடை. முன்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றையும் பயன்படுத்தலாம். கழுத்துக்கு வரும்போது மல்லாக்கப் படுக்கவைத்துத் தலைமாட்டில் உட்கார்ந்து, மண்டையின் அடியிலுள்ள தசையை விரல்நுனிகளில் தாங்கினால், தலையின் பாரமே அழுத்தத்தைத் தந்துவிடும். கூடைக் கயிறு இறுக்கிய இடமும் அதுவே.

நம் மரபிலும் இது புதிதல்ல. சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை. பெயர்களை வாசித்தாலே தெரியும், இதில் பெரும்பகுதிக்கு வேண்டியது கையும் தரையும் மட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. திருகோணமலையிலும் அந்தப் படிப்பு உண்டு. அங்கிருந்து வெளிவரும் வைத்தியர்கள் மலையகத்துக்கு வந்து பயிற்சி கொடுத்தால், மொழியும் முறையும் ஒருசேர மக்களோடு பொருந்தும்.

பிடித்துவிட்டால் வலி உண்மையிலேயே குறையுமா? உலகில் 2020இல் 61 கோடி 90 இலட்சம் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாகவும், மனிதரை முடக்கும் காரணங்களில் அதுவே முதலிடம் பெறுவதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2023 டிசம்பரில் அந்நிறுவனம் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று முதன்முதலாக வழிகாட்டி வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி ஆகியவற்றோடு மசாஜையும் அது பரிந்துரைக்கிறது; இடுப்புப் பட்டியையும் அபின் வகை வலிநிவாரணிகளையும் வேண்டாம் என்கிறது. அதேநேரம் 2015இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மசாஜால் கிடைக்கும் ஆறுதல் குறுகிய காலத்துக்கே என்றும், சான்றுகளின் தரம் போதாது என்றும் சொன்னது. நான் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்கிறேன். ஆறுதல் குறுகிய காலமே நிற்குமென்றால், வருடத்துக்கொருமுறை பெரிய தொகை கொடுத்துப் பெறும் மசாஜால் பயனில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது, பக்கத்திலேயே, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவேண்டும். மலிவாக இருப்பது இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

விலையைப் போட்டுப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் உயர்ந்தது. அதன்பின் எவ்வளவு கூடினாலும் கணக்கின் போக்கு மாறாது. அரைமணி நேரத்துக்கு நாட்சம்பளத்தில் பத்திலொரு பங்கு, அதாவது 135 ரூபாய் என்று வைத்தால், பத்துப் பேருக்குப் பிடித்துவிடும் ஐந்து மணி நேரத்தில் பிடித்துவிடுகிறவருக்கு ஒரு முழுப்பேர் கிடைத்துவிடும். துணி துவைக்கவும் பாய் மாற்றவும் இன்னும் ஒருவரின் கட்டணம் போதும். மண்டப வாடகை இருந்தால் இந்தக் கணக்கு சரிந்துவிடும். தோட்டங்களிலோ மண்டபங்கள் ஏற்கெனவே நிற்கின்றன: சனசமூக நிலையம், கோயில் மண்டபம், பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் பூட்டிக்கிடக்கும் பிள்ளை மடுவம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2002இல் தொடங்கிய ஓர் அக்குபங்சர் நிலையம் இதே வழியில்தான் விலையைக் குறைத்தது. ஒரே கூடத்தில் சாய்வு நாற்காலிகளைப் போட்டுப் பலருக்கும் ஒன்றாகச் சிகிச்சை கொடுத்தார்கள்; கட்டணம் இதிலிருந்து இதுவரை என்று ஒரு வரம்புக்குள் இருக்க, வந்தவர் தன்னால் இயன்றதைக் கொடுத்தார். நம் பக்கத்தில் ஆசிரியரும் கடைக்காரரும் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால், அரைப்பேர் விழுந்த வாரத்தில் வருகிறவர் குறைவாகக் கொடுக்க முடியும்.

பொது இடத்தில் படுப்பது வெட்கக்கேடு என்பார்கள். இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். இலங்கையில் ‘ஸ்பா’ என்ற பெயருக்கு ஏற்பட்ட கெட்ட பேரும் இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் அந்தக் கெட்ட பேர் வந்தது பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்தவற்றால். உடையைக் களையாமல், பத்துப் பேர் கண்முன்னே, பெண்களுக்குப் பெண்களே பிடித்துவிடும் கூடத்தில் யாரும் யாரிடமும் தவறாக நடக்க வழியில்லை. பிடித்துவிடும் பெண்ணுக்கும் அந்தத் திறந்த கூடமே காவல். ஆண்களுக்கு வேறு நாள், வேறு ஆள் என்று ஒழுங்கு செய்வது கஷ்டமான காரியமல்ல.

ஆபத்தைப் பற்றிய கவலை இதைவிடப் பாரதூரமானது, அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. காய்ச்சலோடு வரும் முதுகு வலி, விழுந்து அடிபட்டபின் வந்த வலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு, காரணமில்லாமல் மெலிவது, ஒரு கால் மட்டும் வீங்கிச் சுடுவது, இவற்றில் எது இருந்தாலும் கைவைக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். கர்ப்பிணிகளையும் எலும்பு தேய்ந்த முதியவர்களையும் தெரிந்தவர் மட்டுமே தொடலாம். கழுத்தைத் திருப்பிச் சொடக்கெடுக்கும் வேலை அடியோடு தடை. சுளுக்கெடுப்பவர் என்று ஊரில் பேரெடுத்த எல்லோரையும் கொண்டுவந்து உட்காரவைப்பதற்கு நான் வாதாடவில்லை. வாட் போ பள்ளியின் அடிப்படைப் பாடமே 30 மணி நேரம். தாய்லாந்தில் தொழிலாகச் செய்ய 150 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். இலங்கையில் சுதேச மருத்துவத்துக்கு 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் இருக்கிறது, மாகாணத் திணைக்களங்கள் இருக்கின்றன, தொழிற்தகைமைக்கு ஏழு மட்டச் சான்றிதழ் முறை இருக்கிறது. இவற்றுக்குள் பொருந்தாத நிலையம் திறக்கவே வேண்டாம்.

கடைசி மறுப்பு தொழிற்சங்கப் பக்கத்திலிருந்து வரும், அதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. வலிக்குக் காரணம் 18 கிலோவும் கூடையும் சரிவும். பிடித்துவிட்டு மறுநாள் மலைக்கு அனுப்பினால் அது நிருவாகத்துக்குச் செய்யும் உபகாரம் ஆகாதா? நிருவாகமே நிலையத்தை நடத்தி, உற்பத்தி கூடியது என்று கணக்குக் காட்டத் தொடங்கினால் ஆகும். ஆகவே நிலையம் தொழிலாளர் கையில், கூட்டுறவாக இருக்கவேண்டும். அங்கே பெயரில்லாத ஒரு கொப்பியும் வேண்டும்: வந்தவரின் வயது, எந்த வேலை, எந்த மலை, எங்கே வலி, எத்தனை நாளாக. ஒரு வருடம் கழித்து அந்தக் கொப்பியைப் புரட்டினால், கயிற்றுக் கூடையைத் தோளில் மாட்டும் பையாக மாற்றவேண்டிய மலை எது, கிலோக் கணக்கைக் குறைக்கவேண்டிய சரிவு எது, எந்த வயதில் எந்த வேலையில் மணிக்கட்டு விட்டுப்போகிறது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகிற சங்கம் அந்தக் கொப்பியையும் மேசையில் வைக்கலாம்.