வரைபடத்தில் தெரியும் புள்ளி

சென்னையிலிருந்து மதுரை செல்லும் வைகை எக்ஸ்பிரஸில் ஒரு மாணவி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். திருச்சியில் இறங்கி, நிலையத்தின் வெளியே வந்து பையைத் திறக்கிறாள். டேப்லெட்டைக் காணோம்! இருக்கையிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். வண்டியோ திண்டுக்கல் நோக்கிப் புறப்பட்டுவிட்டது. அழைத்துப் போக வந்த அப்பாவின் போனை வாங்கி, தொலைந்த கருவியைத் தேடும் செயலியைத் திறக்கிறாள். வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. எங்கே தெரியுமா? விழுப்புரத்தில்!

வண்டி விழுப்புரத்தைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதே, செயலி பொய் சொல்கிறதா? இல்லை. அது பழைய செய்தியைச் சொல்கிறது. இந்த வேறுபாடு எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

வானில் சுற்றும் செயற்கைக்கோள் நம் கருவியைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது என்று பலர் நினைக்கின்றனர். திரைப்படங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. உண்மை நேர்மாறானது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் வானொலி நிலையத்தைப் போன்றவை. அவை நம் கருவிகளுடன் பேசும். ஆனால் கருவிகள் பேசுவதைக் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் ரேடியோ பாடுகிறது என்பது வானொலி நிலையத்துக்குத் தெரியுமா? அதைப் போலத்தான் இதுவும்.

ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் முப்பதுக்கு மேற்பட்ட இந்தக் கோள்கள், ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது’ என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அந்த அலை நம்மை வந்தடைய ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். நான்கு கோள்களின் அறிவிப்புகள் கிடைத்தால், அவை வந்து சேர்ந்த நேரங்களைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். அலை வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், கணக்கில் பத்து லட்சத்தில் ஒரு வினாடி பிசகினால் 300 மீட்டர் தூரம் பிசகிவிடும்! அவ்வளவு தொலைவு வந்த அலை மிகவும் மெலிந்தும் இருக்கும். இரும்புக் கூரை போட்ட ரயில் பெட்டிக்குள், பைக்கு அடியில் கிடக்கும் கருவிக்கு அது கிடைப்பது அரிது.

ஆக, தேடும் வேலை இரண்டு வேலைகளாகப் பிரிகிறது. டேப்லெட் தன் இடத்தைத் தானே அறிய வேண்டும். பிறகு அதை நமக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு இணையம் வேண்டும். சிம் அட்டை உள்ள டேப்லெட்டுக்குச் செல்போன் கோபுரம் துணை. வைஃபை மட்டுமே உள்ளதற்கு?

அதற்கு இரண்டு குறைகள். முதலாவது, எல்லா டேப்லெட்டிலும் ஜி.பி.எஸ். ஏற்பி இருப்பதில்லை. ஐபேடையே எடுத்துக்கொள்ளுங்கள். சிம் வகையில் ஏற்பி உண்டு, வைஃபை மட்டும் உள்ள வகையில் கிடையாது. அது அருகிலுள்ள வைஃபை பெட்டிகளின் அடையாள எண்களைக் கேட்டுப் பதிவுசெய்து, அந்தப் பெட்டிகள் எங்கெங்கு உள்ளன என்ற பெரிய பட்டியலோடு ஒப்பிட்டு இடத்தை ஊகிக்கிறது. ‘பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில்’ என்று நாம் வழி சொல்வதைப் போன்ற முறைதான். ஆனால் கோயில் இடம் மாறாது. வைஃபை பெட்டி மாறும். ஒருவர் வீடு மாறும்போது தம் பெட்டியையும் எடுத்துச் சென்றால், பட்டியல் திருத்தப்படும்வரை அது பழைய தெருவையே காட்டக்கூடும்.

இரண்டாவது குறை, வைஃபை இணைப்பு இல்லாவிட்டால் அது ஊமை. நம் மாணவியின் டேப்லெட் விழுப்புரம் நிலையத்து வைஃபையில் கடைசியாக இணைந்திருந்தது. அங்கேதான் கடைசியாகப் பேசியது. புள்ளியின் கீழே பொடி எழுத்தில் இருக்கும் நேரத்தைப் பார்த்திருந்தால் விளங்கியிருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை!

ஊமைக் கருவியையும் பேச வைக்க ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2019-லும் கூகுள் 2024-லும் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இணையம் இல்லாத டேப்லெட் புளூடூத் வழியே மெல்லிய குரலில் ஓர் எண்ணை ஒலித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் வரும் யாரோ ஒருவரின் போன் அதைக் கேட்டு, ‘இந்த எண்ணை இங்கே கேட்டேன்’ என்று தன் இடத்தைப் பூட்டிட்ட செய்தியாக அனுப்பும். பூட்டைத் திறக்கும் சாவி உரியவரிடம் மட்டுமே இருக்கும். எண்ணும் அடிக்கடி மாறும். இல்லாவிட்டால் அதைக் கொண்டே யாரும் நம்மைப் பின்தொடரலாம் அல்லவா? நிறுவனத்துக்கே தெரியாத வகையில் செய்தியைப் பூட்டியதுதான் இதில் மெச்சத்தக்க யோசனை.

கவனியுங்கள். இங்கே நமக்குத் தெரிவது டேப்லெட்டின் இடமன்று. அதைக் கேட்ட போனின் இடம். புளூடூத் குரல் சில பத்து மீட்டர்தான் எட்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் 28 மீட்டர் போய்விடும். ரயில்வே கேட்டில் நிற்பவரின் போனுக்கு அதைக் கேட்க இரண்டு வினாடி கிடைத்தால் அதிகம். அதே பெட்டியில் வரும் பயணிகளின் போன்களே உதவும்; அவற்றுக்கும் வழியில் சிக்னல் கிடைத்தால்தான் செய்தி வந்து சேரும். கூகுளின் முறையில், ஒரே போன் கேட்டால் போதாது, பல போன்கள் கேட்டால்தான் இடத்தைக் காட்டுவது என்பது வழக்கமான அமைப்பு. தனிமனிதரின் அந்தரங்கத்தைக் காக்க இது நல்லது; ஆளரவமற்ற சிற்றூரில் பொருளைத் தொலைத்தவருக்கு இதுவே இடைஞ்சல். மின்கலம் தீர்ந்துவிட்டாலோ, பெரும்பாலான டேப்லெட்டுகளில் அந்த மெல்லிய குரலும் நின்றுவிடும்.

இனிப் புள்ளியைச் சுற்றியுள்ள வட்டத்துக்கு வருவோம். ‘இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கலாம்’ என்பதே அதன் பொருள். மையத்தில்தான் இருக்கிறது என்பதன்று. இதை மறந்ததால் அமெரிக்காவின் டென்வர் நகரில் 2022 ஜனவரியில் ஒரு விபரீதம் நடந்தது. திருட்டுப் போன வண்டி ஒன்றில் துப்பாக்கிகளும் ஒரு பழைய ஐபோனும் இருந்தன. தேடும் செயலி காட்டிய வட்டத்துக்குள் பல வீடுகள் இருந்தன. போலீசாரோ ஒரே வீட்டைக் குறிவைத்து, கவச வண்டியுடன் போய்ச் சோதனையிட்டனர். அங்கு இருந்தவர் 77 வயது மூதாட்டி. திருட்டுப் பொருள் எதுவும் கிடைக்கவில்லை, வீட்டுக்குத்தான் சேதம். அவர் தொடுத்த வழக்கில், 37 லட்சத்து 60 ஆயிரம் டாலர் இழப்பீடு வழங்க 2024-இல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். புள்ளியை நம்பி முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவை நாமே போய்த் தட்டக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் நாட்டில் 2023-இல் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் தொலைந்த கருவியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்து அதை முடக்கச் செய்யலாம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். அந்த எண் செல்போன் வலையில் பேசும் கருவிகளுக்கே உண்டு. வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டுக்குக் கிடையாது. ஆகவே பயணத்துக்கு முன்பே அதன் வரிசை எண்ணை ஒரு நோட்டில் குறித்துவைப்பது நல்லது. கண்டெடுத்தவரிடம் உரிமையை மெய்ப்பிக்க அது உதவும். திரைப்பூட்டும் போட்டிருக்க வேண்டும். ‘பூட்டு’ என்று பிறகு தொலைவிலிருந்து நாம் அனுப்பும் கட்டளை, டேப்லெட் இணையத்தில் சேரும்வரை காத்துத்தான் கிடக்கும்.

ரயிலில் தொலைத்தவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. வண்டி எண், பெட்டி எண், இருக்கை எண் மூன்றும் பயணச்சீட்டிலேயே இருக்கின்றன. 139 என்ற எண்ணை அழைத்து அவற்றைச் சொன்னால், வண்டி அடுத்த நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது அந்த இருக்கையைப் பார்க்க ஏற்பாடு செய்ய இயலும். வண்டி திண்டுக்கல்லை எட்டுவதற்குள் அழைக்க வேண்டும், அவ்வளவுதான்.