காப்பாற்றிய ஜீன் கல்யாணத்தைத் தடுக்கலாமா?

விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம் சின்னக் குழாயில் இருக்கும் கரைசலில் விழுகிறது. சில நிமிடம் கழித்து, கறுப்புக் கோடு போட்ட அட்டை ஒன்றைக் குழாய்க்குப் பின்னால் பிடித்துப் பார்க்கிறார் லேப் டெக்னீஷியன். கோடு தெளிவாகத் தெரிந்தால் வீட்டுக்குப் போகலாம். கரைசல் கலங்கிக் கோடு மறைந்துவிட்டால், பேரேட்டில் பெயருக்கு எதிரே ஒரு குறி விழும்.

அரிவாள் செல் ரத்தசோகையைக் கண்டுபிடிக்கும் முதல் கட்டச் சோதனை இது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை நடக்க வேண்டும். 2047-க்குள் நோய் ஒழிய வேண்டும். தமிழ்நாட்டில் இது முக்கியமாக நீலகிரி மாவட்டத்து விவகாரம். பணியர், இருளர், முள்ளுக்குறும்பர் என்று பல பழங்குடிகளிடம் இந்த நோய்க்கான ஜீன் இருக்கிறது. எல்லை தாண்டினால் வயநாட்டில் பழங்குடி அல்லாத வயநாடன் செட்டிகளிடமும் உண்டு. நீலகிரியில் இந்த ஜீன் இருப்பது அறிவியல் இதழில் வெளியானது 1952-ல். இந்தியாவின் முதல் பதிவுகளில் அது ஒன்று.

ஹீமோகுளோபினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிப்போவதுதான் மொத்தக் கதையும். குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய ஜீன் வந்துவிட்டால், ஆக்சிஜன் குறையும்போது ரத்த சிவப்பணுக்கள் விறைத்து அரிவாளாக வளைகின்றன. நூலிழை போன்ற ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கின்றன. சாதாரணமாக 120 நாள் வாழும் அணு, இருபது நாள்கூடத் தாங்காது. குழந்தைக்குப் பிறந்த சில மாதங்கள் ஒன்றும் தெரியாது, கருவிலிருந்து கொண்டுவந்த ஹீமோகுளோபின் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அது குறைந்ததும் ஒருநாள் கை விரலும் கால் விரலும் வீங்கி, தொட்டாலே வீறிட்டு அழும். அதன்பின் வாழ்நாள் முழுக்க எலும்பு வலி. குளிர், காய்ச்சல், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்வது, எதுவும் அந்த வலியைக் கிளப்பிவிடும். மலையில் குளிருக்கா பஞ்சம்?

இவ்வளவு கொடுமையான ஜீன் ஏன் அழியவில்லை? 1949-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் ரத்த மாதிரி சேகரித்த ஓர் ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் மலிந்து கிடந்த இந்த ஜீன், உயரமான மேட்டு நிலங்களில் அபூர்வமாக இருந்தது. கொசு இருந்த இடத்தில் ஜீனும் இருந்தது. 1954-ல் அவர் வெளியிட்ட விளக்கம் இன்றுவரை நிற்கிறது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த ஜீனைப் பெற்றவர்கள், அதாவது கேரியர்கள், உயிரைக் குடிக்கும் ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து பெருமளவு தப்பிக்கிறார்கள். மலேரியா வராது என்றில்லை. வந்தாலும் முற்றிச் சாகடிப்பது அரிது. ஒட்டுண்ணி அவர்கள் அணுக்களுக்குள் சரியாக வளர முடியாமல் திணறுகிறது, தொற்றிய அணுவை மண்ணீரல் சீக்கிரமே அப்புறப்படுத்துகிறது.

வயநாடும் அதைச் சுற்றிய காடுகளும் ஒரு காலத்தில் காய்ச்சலுக்குப் பேர்போனவை. சமவெளிக்காரர்கள் போகவே அஞ்சிய காடு அது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பிழைத்ததில் இந்த ஜீனுக்கும் பங்கு உண்டு. டிடிடி வந்தது, மலேரியா ஒடுங்கியது, ஜீன் மட்டும் தங்கிவிட்டது. கடன்காரன் ஊரைக் காலி செய்த பிறகும் வட்டி கட்டுகிற குடும்பம் மாதிரி.

   

என் கவலை ஜீனைப் பற்றியது அல்ல, பேரேட்டில் விழும் குறியைப் பற்றியது. அந்தக் கலங்கல் சோதனை, நோயாளியையும் கேரியரையும் பிரித்துச் சொல்லாது. அதைச் சொல்ல ஹெச்பிஎல்சி போன்ற இன்னொரு சோதனை வேண்டும். அதன் முடிவு வருவதற்குள் ஊருக்குள் செய்தி பரவிவிடும். கேரியர் நோயாளி அல்ல. அவர் உழைப்பார், பிள்ளை பெறுவார், வயதாகி இறப்பார். இரண்டு கேரியர்கள் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இதை உணர்ந்து முடிவெடுக்கத்தான் திருமணத்துக்கு முன் இரு வீட்டாரும் பரிசோதனை முடிவு எழுதிய அட்டையை ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறார்கள். ஆனால் நம் ஊரில் கல்யாணப் பேச்சு எப்படி நடக்கும் என்று தெரியாதா? செவ்வாய் தோஷத்துக்கே தள்ளிப்போகிற வரன்கள் இங்கே ஏராளம். அரசு முத்திரையோடு ஒரு தோஷம் கையில் கிடைத்தால் முதலில் அடிபடப்போவது பெண்தான்.

கற்பனை பயம் என்று தள்ள முடியாது. கிரேக்கத்தில் ஒர்கொமெனோஸ் என்று ஒரு சிற்றூர், பழைய கோபாயிஸ் ஏரிச் சதுப்பின் ஓரம். அங்கேயும் மலேரியா, அங்கேயும் இதே ஜீன். ஊர் முழுக்கப் பரிசோதித்து, கேரியர்கள் ஒருவரையொருவர் மணக்க வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால், கேரியர்கள் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். நிச்சயதார்த்தங்கள் முறிந்திருந்தன. சிலர் முடிவை மறைத்தே மணந்திருந்தார்கள். கேரியருக்கும் கேரியருக்கும் நடந்த கல்யாணங்களின் எண்ணிக்கையோ, பரிசோதனையே நடக்காமல் இருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ அவ்வளவுதான். 1970-களில் அமெரிக்காவிலும் அவசரமாகச் சட்டம் போட்டுக் கறுப்பினத்தவரைப் பரிசோதித்தார்கள். கேரியரையும் நோயாளியையும் போட்டுக் குழப்பியதில் பலருக்கு வேலை மறுக்கப்பட்டது, காப்பீட்டுக் கட்டணம் ஏறியது.

சைப்ரஸில் தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய்க்கு இதே வழியில்தானே வெற்றி கிடைத்தது என்று மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சைப்ரஸில் பல கேரியர் ஜோடிகள் கல்யாணத்தைக் கைவிடவில்லை. மணந்துகொண்டு, கர்ப்ப காலத்தில் சோதித்துப் பார்த்தார்கள். அந்த வசதியும் ஆலோசனையும் அருகிலேயே இருந்தன. மலைக் கிராமத்துக் கர்ப்பிணி அதற்கு எத்தனை பஸ் மாற வேண்டும்?

நோயோடு ஏற்கெனவே பிறந்துவிட்டவர்களுக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை தடையின்றிக் கிடைத்தால் வலி வரும் தடவைகள் குறையும். பச்சிளம் பருவத்திலேயே கண்டுபிடித்துப் பென்சிலின் கொடுத்தால் குழந்தை தப்பிக்கும். பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இதற்காகவாவது வேண்டும். ஆனால் முகாமில் பேர் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் முடிவு சொல்வதை நிறுத்த வேண்டும். தனி அறையில், அந்தந்த மக்களின் பேச்சு தெரிந்த ஒருவர், உறுதியான முடிவு வந்த பிறகு, சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் சொல்லட்டும். அட்டையை யாரிடம் காட்டுவது, எப்போது காட்டுவது என்பதை அந்தப் பெண் முடிவு செய்துகொள்வாள்.