கிணற்றில் கத்தினால் மீன் தெரியுமா?

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து "ஓய்!" என்று கத்தாத பிள்ளை சேலம், நாமக்கல் பக்கத்தில் உண்டா? பாறையை உடைத்துத் தோண்டிய பெரிய கிணறுகள் நம் தோட்டங்களில் நிறைய. சில கிணறு "ஓய்!" என்று திருப்பிச் சொல்லும். சில கிணறு "ம்ம்ம்" என்று முழங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடும். (கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறா? தள்ளி நின்றே கத்துங்கள்.)

முழங்குகிற கிணறும் பதில் சொல்லத்தான் செய்கிறது. அந்தப் பதில் சீக்கிரமாக வந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. இரண்டு சத்தங்களைத் தனித்தனியாகக் கேட்க, நம் காதுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியாவது வேண்டும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். ஒலி கீழே போய்த் திரும்பியும் வர வேண்டுமே; கணக்குப் போட்டால், தண்ணீர் 17 மீட்டராவது கீழே கிடக்க வேண்டும். ஏறக்குறைய 56 அடி. நல்ல மழை பெய்து கிணறு நிறைந்த வருஷம் எதிரொலியைக் காணோமே என்று தேடியிருப்பீர்கள். காரணம் இதுதான்.

கத்திய நேரத்துக்கும் பதில் வந்த நேரத்துக்கும் இடைவெளி தெரிந்தால் ஆழம் தெரிந்துவிடும். மீன் தேடும் கருவியின் வேலையும் இதுவே. நம் கடலோர விசைப்படகுக்காரர்கள் அதை எக்கோ சவுண்டர் என்பார்கள். மீன்பிடிக்கு உதவும்படி அதை முதலில் செய்து விற்றவர்கள் ஜப்பானின் நாகசாகியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள். ஆண்டு 1948.

தண்ணீரில் ஒலி எவ்வளவு வேகம்? 1826-இல் ஜெனீவா ஏரியில் கொலாடன் என்பவர் அளந்து பார்த்தார். ஒரு படகில் தண்ணீருக்குள் மணி கட்டியிருந்தது. மணி அடிக்கும் அதே கணத்தில் மேலே வெடிமருந்து பளிச்சென்று எரியும். 13 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு படகில், ஒரு நீண்ட குழாயைத் தண்ணீருக்குள் விட்டு அதில் காதை வைத்து உட்கார்ந்திருந்தார் அவர். வெளிச்சம் கண்ணில் பட்டது; மணிச்சத்தம் வர ஒன்பது நொடிக்கு மேல் ஆனது. நொடிக்கு 1,435 மீட்டர் என்று கணக்கிட்டார். குளிர்ந்த ஏரி அது. நம் ஊர்த் தண்ணீர் வெதுவெதுப்பானது. இங்கே 1,500 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனி மேட்டூருக்குப் போவோம். 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த அணை. நிறைந்தால் நீர்மட்டம் 120 அடி என்பது செய்தியில் நீங்கள் கேட்டுக் கேட்டுப் பழகிய எண். அதன் நீர்ப்பரப்பின் ஓரத்தில் கொளத்தூர் பக்கம் பண்ணவாடி என்றொரு பரிசல்துறை இருக்கிறது. அணை கட்டியபோது மூழ்கிய ஊரின் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் அங்கே தண்ணீருக்குள் நிற்கின்றன. நீர் நன்றாக இறங்கும் காலத்தில் மட்டும் வெளியே தலைகாட்டும்.

நாம் ஒரு மீன் தேடும் கருவியோடு அங்கே பரிசலில் போவதாக வைத்துக்கொள்வோம். பரிசல் சுற்றுமே என்று கவலை வேண்டாம். கருவியின் வாயும் காதுமான சின்ன உருளை நேர்கீழே பார்த்தபடி இருக்கும். சுற்றினால் கெடுதல் இல்லை. பரிசல் சாய்ந்தால்தான் தொல்லை. யாரும் எழுந்து நிற்கக் கூடாது!

கருவியை முடுக்கியதும் திரை முழுக்கப் புள்ளி மழை. ஒன்றும் புரியாது. பலரும் உடனே உணர்திறன் என்கிற திருகைக் கூட்டுவார்கள். அது ரேடியோவின் ஒலியைக் கூட்டுகிற மாதிரி. பாட்டும் ஏறும், கரகரப்பும் ஏறும். கரகரப்பு தொடங்கும் வரை கூட்டிவிட்டு, பிறகு கொஞ்சம் குறைத்து நிறுத்துவதே சரி. கடலில் பயன்படுத்திய கருவி என்றால் 'உப்புநீர்' என்று இருப்பதை 'நன்னீர்' என்று மாற்ற மறக்காதீர்கள். உப்புநீரில் ஒலி இன்னும் கொஞ்சம் விரைவாக ஓடும் என்பதால், மாற்றாவிட்டால் ஆழம் தப்பாகக் காட்டும்.

மேல்மட்டத்தில் மட்டும் புகைபோல ஒரு பட்டை தெரிகிறதா? அலை, காற்றுக்குமிழி, பாசி எல்லாம் சேர்ந்த குப்பை அது. சில மாதங்களில் அணைநீர் பச்சையாகவே மாறிவிடும். அப்போது பட்டை இன்னும் தடிக்கும். அதை அழிக்கவும் ஒரு வசதி உண்டு. ஆனால் முழுக்க அழித்தால் நம் கட்லா மீனும் சேர்ந்து போய்விடும்! கட்லா மேல்நீரில் இரை தேடுவது. ரோகு நடுவில், மிர்கால் அடியில். எந்த மீன் எந்த மாடியில் குடியிருக்கிறது என்று தெரியாமல் திருகைத் திருப்பக் கூடாது.

அடுத்தது கருவியின் குரல். நம் காதுக்குக் கேட்கும் உச்சம் நொடிக்கு 20,000 அதிர்வுகள். இந்தக் கருவி 2,00,000 அதிர்வுகளில் கூப்பிடும். ஒவ்வோர் அலையின் நீளமும் ஏழரை மில்லிமீட்டர்தான். அலை சிறியதாக இருந்தால் சின்னப் பொருளையும் பிரித்துக் காட்டும். குரல் கீழே போகும்போது கூம்பு போல விரியும். 20 டிகிரி கூம்பு என்றால் 20 மீட்டர் ஆழத்தில் 7 மீட்டர் அகல வட்டத்தைத் தொடும். சில கருவிகளில் இருக்கும் இன்னொரு தாழ்ந்த குரலான 83,000 அதிர்வுக் குரலுக்குக் கூம்பு 60 டிகிரி வரை விரிவதுண்டு. அதே ஆழத்தில் வட்டம் 23 மீட்டர்.

அகலமாகப் பார்ப்பது நல்லதுதானே என்று தோன்றும். கருவிக்குத் தூரம் தெரியும், திசை தெரியாது. வட்டத்தின் ஓரத்தில் எட்டு மீட்டர் தள்ளி நிற்கும் மீனையும் நமக்கு நேர்கீழே இருப்பதாகவே வரைந்துவிடும். நந்தியின் முதுகும் பக்கத்து மண்மேடும் ஒரே குழம்பு. மீன் கூட்டத்தைத் தேடும்போது அகலக் கூம்பு. நந்தியைப் பார்க்கக் குறுகிய கூம்பு.

திரையில் மீன் ஏன் வளைந்த கோடாக, கவிழ்த்த பிறைபோல வருகிறது? பரிசல் நகரும்போது மீன் முதலில் கூம்பின் ஓரத்தில் மாட்டும். அப்போது தூரம் கொஞ்சம் அதிகம். நேர்கீழே வரும்போது குறைவு. விலகும்போது மறுபடி அதிகம். அந்த மூன்றும் சேர்ந்ததுதான் பிறை. பரிசலும் நின்று மீனும் நின்றால் நீளமான கோடு விழும். ஐயோ, பத்தடி மீன் என்று அலற வேண்டாம்! நீளம் அங்கே நேரத்தைக் காட்டுகிறது, மீனை அல்ல. திரையின் வலது ஓரம் மட்டும்தான் 'இப்போது'. மற்றதெல்லாம் கடந்துவிட்ட நொடிகள்.

இன்னொரு வேடிக்கை. மீனின் சதையும் தண்ணீரும் ஒலிக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒலி பட்டுத் திரும்புவது பெரும்பாலும் மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையில். நாம் பார்ப்பது மீனையா, அதன் பலூனையா? சில கருவிகள் அழகான மீன் பொம்மையே போட்டுக் காட்டும். குமிழிக்கும் குச்சிக்கும்கூடப் போடும். எனக்கு அந்தப் பொம்மை பிடிக்காது; அணைத்துவிட்டுக் கோட்டைப் படிப்பதே மேல்.

அடித்தரைக்கு வருவோம். வண்டல் சேறு ஒலியை விழுங்கும். திரையில் மெலிந்த, மங்கிய கோடு. பாறை பளீரென்று தடித்த கோடு போடும். சில நேரம் ஒலி பாறையில் பட்டு, நீரின் மேற்பரப்பில் மோதி, மறுபடி கீழே போய்த் திரும்பும். அப்போது இரண்டு மடங்கு ஆழத்தில் இரண்டாவது தரை ஒன்று தெரியும். எல்லாச் சோதனையும் முடித்து, மங்கிய சேற்றுக்கோட்டின் நடுவே திடீரென்று ஒரு பளீர் மேடு எழுந்தால் அதை நோட்டில் வரைந்து, இடத்தையும் தேதியையும் குறித்து வையுங்கள். நீர் இறங்கும் கோடையில் பண்ணவாடிக்கு மறுபடி போய், அந்த மேடு நந்தியின் திமில்தானா என்று பக்கத்தில் நின்று ஒப்பிடலாம்.