உணவு மாதிரி எடுக்க வந்தால்: தணிக்கை அறிக்கை விவசாயிக்குச் சொல்வது என்ன?

நீங்கள் வெல்லம் காய்ச்சி விற்கலாம், செக்கில் கடலை எண்ணெய் ஆட்டலாம், மஞ்சளை அரைத்துப் பொட்டலம் போடலாம். ஒரு நாள் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுத்துப் போகிறார். ஆய்வக முடிவு தவறாக வந்தால் உங்கள் சரக்கும் பெயரும் போய்விடும். அந்த முடிவை எவ்வளவு நம்பலாம்? சோதிக்கும் துறையையே சோதித்துப் பார்ப்பதுதான் தணிக்கை. விவசாயிகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அதில் உள்ளன.

யார் சட்டத்துக்குள் வருகிறார்?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006ல் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ளது. நிலத்தில் விளைந்ததை விளைந்தபடியே விற்கும் விவசாயியின் கையில் இருக்கும் வரை, அந்த விளைபொருள் இச்சட்டத்தின் கீழ் வராது. அதையே காய்ச்சி, அரைத்து, ஆட்டி விற்கத் தொடங்கினால் நீங்கள் உணவுத் தொழில் செய்பவர். பதிவோ உரிமமோ பெற வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றுபவர்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு.

தணிக்கை கண்டது என்ன?

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் (சிஏஜி) இச்சட்டம் எப்படிச் செயல்படுத்தப்படுகிறது என்று ஆராய்ந்து அளித்த அறிக்கை, 2017 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தணிக்கையர் உணவைச் சோதிப்பதில்லை. கோப்புகள், பதிவேடுகள், ஆய்வகக் கருவிகள், ஆட்கள் எல்லாம் முறையாக உள்ளனவா என்று பார்க்கிறார். அவர் கண்டவற்றில் முக்கியமானவை:

• மாதிரிகள் அனுப்பப்படும் 72 மாநில உணவு ஆய்வகங்களில் 65க்கு, ஆய்வகத் தரத்தை உறுதி செய்யும் என்ஏபிஎல் அங்கீகாரம் இல்லை.
• சோதித்துப் பார்த்த 16 ஆய்வகங்களில் 15ல் தகுதி பெற்ற உணவுப் பகுப்பாய்வாளர் இல்லை.
• மாநில ஆய்வகங்களில் இயங்கும் நிலையில் உள்ள கருவிகளுக்குப் பற்றாக்குறை.
• பரிசீலித்த உரிமங்களில் பாதிக்கு மேல், முழுமையற்ற ஆவணங்களைக் கொண்டே வழங்கப்பட்டவை.

இவை அன்றைய நிலவரம். ஆனால் இதில் உள்ள பாடம் இன்றைக்கும் பொருந்தும். ஆய்வகம் சரியில்லை என்றால் இரண்டு பக்கமும் நேர்மையானவருக்கே நஷ்டம். சர்க்கரை கலந்து வெல்லம் காய்ச்சுபவர் பிடிபடாமல், உங்களைவிடக் குறைந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுவார். கலப்படமே செய்யாத உங்கள் சரக்கு, தவறான முடிவால் தரமற்றது என்று ஆகிவிடவும் கூடும்.

மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. மாதிரி எடுப்பதை அலுவலர் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்த நோட்டீஸைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.
2. எடுத்த சரக்குக்கு வழக்கமான விற்பனை விலையை அலுவலர் கொடுக்க வேண்டும்.
3. மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து, முத்திரையிட்டு, உங்கள் கையெழுத்தோ கைரேகையோ பெற வேண்டும். முத்திரை வைத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.
4. ஒரு பாகம் உணவுப் பகுப்பாய்வாளருக்கும், இரண்டு பாகம் மாவட்ட நியமன அலுவலரின் பாதுகாப்புக்கும் போகும்.
5. நான்காவது பாகம்தான் உங்களுக்கு முக்கியம். அதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீங்கள் கேட்கலாம். சோதனைக் கட்டணம் உங்களுடையது. வாயால் சொல்லிவிட்டு விடாமல், அப்போதே எழுதிக் கொடுங்கள்.

இரண்டு ஆய்வகங்களின் முடிவும் வேறுபட்டால், நியமன அலுவலர் தம்மிடம் உள்ள ஒரு பாகத்தை மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் முடிவே இறுதியானது. பலர் நான்காவது பாகத்தைக் கேட்காமல் விட்டு, பிறகு வருந்துகிறார்கள்.

முடிவு பாதகமாக வந்தால்

பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அறிக்கை உங்கள் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். எனவே அறிக்கை கிடைத்த தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி, மூலப்பொருள் வாங்கிய இடம், விற்ற அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வந்தால், உங்கள் தரப்பைச் சொல்ல அது பெரிதும் உதவும்.

நியாயமான காரணம் இல்லாமல் தொல்லை தரும் அலுவலருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அலுவலர் மீதான புகார் பொய் என்று தெரிந்தால் புகார் கொடுத்தவருக்கும் அபராதம் உண்டு. ஆகவே கையில் சான்று இருந்தால் மட்டும் புகார் செய்யுங்கள்.

உங்கள் மாவட்டத்தை நீங்களே கேளுங்கள்

சிஏஜி எல்லா ஆண்டும் எல்லா மாவட்டத்துக்கும் வரமாட்டார். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் நீங்கள் மனு கொடுக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மாவட்ட நியமன அலுவலர் அலுவலகத்தில் இவற்றைக் கேளுங்கள்:

• கடந்த ஆண்டு எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன?
• அவை எந்த ஆய்வகத்துக்குப் போயின? அதற்கு என்ஏபிஎல் அங்கீகாரம் உண்டா?
• எத்தனை அறிக்கைகள் 14 நாட்களுக்குள் வந்தன?
• மேல்முறையீட்டில் எத்தனை முடிவுகள் மாறின?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அல்லது ஆர்வலர் குழு மூலம் பலர் சேர்ந்து விவரம் சேகரித்தால், அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஆட்சியர் முன் ஆதாரத்தோடு பேசலாம். சோதனை சரியாக நடந்தால் உண்பவருக்கு நல்ல உணவு கிடைக்கும். கலப்படம் செய்யாத உங்களுக்கும் நியாயமான விலை கிடைக்கும்.